எழுபத்துநாலும் ஐம்பத்திரண்டும்

டெல்மர் ஹோலப் பந்தைப் பார்க்க மாட்டார். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு மோதி ஓடும் ஃபுட்பால்தான் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆட்டம். ஊரே பந்தைப் பார்க்கும்போது, பந்து போகாத பக்கத்துப் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று இவர் பார்ப்பார். ஒரு சின்னக் கல்லூரி அணிக்கு ஆள் பிடிப்பது அவர் வேலை. பெரிய கல்லூரிக்காரர்கள் கண்ணுக்குப் பெரிய ஊர்ப் பள்ளிகள் மட்டும்தான் தெரியும். தார் ரோடு முடிகிற இடத்தோடு அவர்கள் கார் திரும்பிவிடும். அதற்கப்பால் வளர்கிறவர்கள் எல்லாம் டெல்மர் பங்கு.

ஒரு பையனுக்குப் பள்ளி சொல்லும் உயரத்தில் இரண்டு அங்குலம் கழித்துக்கொள்வார். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பீன்ஸ் குழம்பும் சினமன் ரோலும் வாங்கித் தின்றபடி, பையன் எப்படி என்று பரிமாறும் பெண்களிடம்தான் விசாரிப்பார். பள்ளிக் கோச் புளுகுவார். அந்தப் பெண்களுக்குப் புளுக வேண்டிய அவசியம் இல்லை.

அந்த வருஷம், பையன்கள் கல்லூரிகளோடு ஒப்பந்தம் போடும் கையெழுத்து நாளுக்கு முந்தின நாள். ஒரே ஒரு ஸ்காலர்ஷிப் இடம் பாக்கி. தலைமைக் கோச் பிரைஸ் அதை ஒமாஹா என்ற பெரிய ஊர்ப் பையன் ஒருவனுக்கு முடிவு செய்திருந்தார். டெல்மரோ, கோட் க்ரீக் என்ற குக்கிராமப் பள்ளியின் ஆட்டப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ் டெல்மர், போதும்யா. மத்தியானம் ஒமாஹாக்குப் போன் போடப்போறேன்."

"எழுபத்துநாலாம் நம்பர் நல்லா தள்றான், கோச்."

"பாதி ஆட்டத்துல ஆளக் காணோம். மூச்சு கிடையாது."

"ஐம்பத்திரண்டும் நல்லாத்தான் தள்றான்."

"அவன் பின்பாதியிலதான் எறங்கவே எறங்கறான். அரை ஆள் ரெண்டு பேர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

டெல்மர் முன்பாதியை மறுபடி ஓட்டினார். எழுபத்துநாலு, குனிந்து நிற்குமுன் இடது குதிகாலைப் புல்லில் தேய்த்தான். பின்பாதியை ஓட்டினார். ஐம்பத்திரண்டும் அதே குதிகாலைத் தேய்த்தான்.

உடனே கோட் க்ரீக் கோச்சுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார்.

"ஓ, கோல்பி ஸ்டாங்கா!" என்றது அந்தக் குரல். "பயலுக்கு ஆட்டத்துக்கு ஒரு சட்டை கிழியும். எங்ககிட்ட அவன் சைசுக்கு உதிரி ஒண்ணுதான், ஐம்பத்திரண்டு. இடைவேளையில மாட்டி அனுப்பிடுவோம்."

"அத ஏன்யா முன்னாடியே சொல்லல?" என்றார் டெல்மர்.

"இங்க எல்லாருக்கும் தெரியுமே!"

பிரைஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப மூச்சே இல்லாத பயலும் பெஞ்சைத் தேச்ச பயலும்..."

"ஒரே ஆளு, கோச். பதினெட்டுப் பேர் இருக்கிற அணி. அவங்க அணி பந்து வெச்சிருந்தாலும் அவன்தான், எதிராளி வெச்சிருந்தாலும் அவன்தான். ஒரு நிமிஷம்கூட உக்காரல."

பிரைஸ் அந்தப் படத்தைத் தொடக்கத்திலிருந்து முழுசாகப் பார்த்தார். முடிந்ததும் தொலைபேசியை டெல்மர் பக்கம் தள்ளினார். "நீயே சொல்லு. ஒமாஹாப் பயலுக்கு வேற நாலு காலேஜ் காத்துக்கிட்டிருக்கு."

கோல்பி மாட்டுக் கொட்டகையில் இருந்தான். பின்னால் ஒரு கன்று கத்தியது.

"என்னையா? நெசமாவா? உங்க ஆளுங்க யாரும் எழுதிக்கூடக் கேக்கலியே, சார்!"

"இப்ப கேக்கறேன். வர்றியா, இல்லியா?"

"வர்றேன்! வர்றேன் சார்! இந்தக் கன்னுக்குப் பால் காட்டிட்டு அம்மாகிட்டச் சொல்லிடறேன், லைன்லயே இருங்க!"

டெல்மர் லைனிலேயே இருந்தார். கன்று சாவகாசமாகத்தான் குடித்தது.