சரோஜாக்கா வீட்டுக் கட்டைகளில் வந்த பிள்ளையார்

குமுட்டி அடுப்போரம் வைத்த பிளாஸ்டிக் சாமான் இளஞ்சூடு ஏறும்போது மருந்தும் மெழுகும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும். அது எங்கேயாவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குக் குன்னூரை அடுத்த வெலிங்டன் குவார்ட்டர்ஸும் மழையும் சரோஜாக்காவின் முகமும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வரும்; வந்தவுடன் வயிறு எரியும். தினம் சாமி கும்பிடுகிறவள் இப்படி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். கும்பிடுகிறவள் என்பதால்தான் பொய் எழுத வரவில்லை.

அப்பாவுக்கு ராணுவக் கிடங்கில் சிவிலியன் உத்தியோகம். வரிசையாகத் தகரக்கூரை போட்ட வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க்குழாய். பக்கத்து வீடு சரோஜாக்கா. அவர் வீட்டுக்காரர் அப்பாவுக்கு மேல் அதிகாரி என்பதால் குழாயடியில் அவர் குடம்தான் முதலில் நிற்கும். அவருக்கு ஒரே பையன் ரவி. சிங்கப்பூரில் இருந்த தாய்மாமன் அவனுக்கு ஒரு பெரிய பெட்டி நிறைய, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளை அனுப்பியிருந்தார். மாட்டும்போது வரும் சத்தத்தை வைத்து நாங்கள் அவற்றை 'டக்குக்கட்டை' என்போம். காலைக் குளிரில் அவை விறைத்துப்போய்ப் பொருந்தாது. அதனால் எங்கள் வீட்டுக் குமுட்டி அடுப்பின் ஓரத்தில் வைத்துப் பதமாக்கித்தான் விளையாடுவோம்.

ரவிக்குக் கட்டைகளை அடுக்கத் தெரியாது, தள்ளிவிட மட்டும் தெரியும். அடுக்கியது என் அக்கா வசந்தா. பள்ளிக்கூடத்தில் சுமாராகப் படிக்கிற பெண், ஆனால் அந்தக் கட்டைகளை எடுத்துவிட்டால் கை பேசும். தட்டைப் பலகையில் சின்னச் சின்னக் கட்டைகளாகப் பதித்து, தேயிலைச் சரிவும் அதன் மேல் மூடுபனியுமாக ஒரு படம் செய்தாள். கிட்டே போனால் பச்சைச் சதுரம், வெள்ளைச் சதுரம், அவ்வளவுதான். வாசற்படிக்குத் தள்ளி நின்று பார்த்தால் குன்னூர் இறக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். சரோஜாக்கா அதை வாங்கிப்போய்த் தன் வீட்டு ஷோகேஸில் வைத்தார். வருகிறவர்களிடம் எல்லாம் ரவி செய்தது என்றார். வசந்தா செய்த மலை ரயிலும் ரவி செய்ததாயிற்று, கூண்டுக்கிளியும் ரவி செய்ததாயிற்று. அம்மாவுக்குத் தெரியும். அப்பாவின் உத்தியோகத்தை நினைத்து வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் ஆவணி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து எதுவும் மேலே வரவில்லை. சதுர்த்திக்கு மார்க்கெட்டில் களிமண் பிள்ளையார் இல்லை. மஞ்சளில் பிடித்து வைத்துக் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது, கட்டைப் பெட்டியோடு விளையாட வந்திருந்த ரவியிடம் கேட்டுக்கொண்டு, வசந்தா பிள்ளையார் செய்ய உட்கார்ந்துவிட்டாள். மஞ்சளில் வருகிறவர் இதில் வரமாட்டாரா என்று அம்மாவும் சம்மதித்தாள்.

அந்தக் கட்டைகளில் வளைவு என்பதே கிடையாது என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். படிப்படியாக வெளியே தள்ளிக்கொண்டு வந்து வயிறு வைத்தாள், தட்டைக் கட்டைகளில் காது வைத்தாள், வெள்ளையில் ஒற்றைக்கொம்பு, சிவப்புக் கட்டைகளை ஒன்றுக்கு ஒன்று கொஞ்சம் விலக்கி மாட்டித் தும்பிக்கை. அம்மா அருகம்புல் மாலை போட்டுக் குங்குமம் வைத்து விளக்கேற்றியதும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சதுரம் சதுரமாக இருந்த அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

லைனில் வேறு யார் வீட்டிலும் பிள்ளையார் இல்லாததால் எல்லோரும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். டைலர் வீட்டம்மா கொழுக்கட்டை செய்து கொண்டுவந்தார். செய்தது யார் என்று கேட்டவர்களிடம் அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாக, எங்க வசந்தாதானுங்க, என்று வாய்விட்டுச் சொன்னாள். மறுநாள் சாயங்காலம் ஆரத்தி எடுத்து, பிள்ளையாரை வடக்கே லேசாக நகர்த்தி வழியனுப்பிவிட்டு, அப்புறம் கட்டைகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு. மஞ்சள் பிள்ளையாருக்கும் அதுதான் முறை. நகர்த்திவிட்டால் சாமி கிளம்பிவிட்டார், மிச்சம் வெறும் மஞ்சள்.

அதற்குள் சேதி குழாயடிக்குப் போய்விட்டது. ஆரத்தித் தட்டில் அம்மா கற்பூரம் வைக்கும் நேரம் சரோஜாக்கா வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஏழெட்டுப் பெண்கள் உள்ளே இருந்தார்கள்.

"ஏனுங் ருக்குமணிக்கா, எங்கூட்டுச் சாமான்ல சாமி செஞ்சு உங்கூட்டுல பேரு வாங்கிக்கிறீங்களாக்கும்?"

பிள்ளையாரை அப்படியே தூக்கித் தன் வீட்டில் வைக்கச் சொன்னார். பூஜை நடந்த இடத்திலிருந்து பாதியில் தூக்கக்கூடாது, ஆரத்தி முடிந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன் என்று அம்மா கெஞ்சினாள். வந்திருந்த பெண்களும் சொல்லிப் பார்த்தார்கள். சொல்லச் சொல்ல அவருக்கு ஏறியது.

"அப்படின்னா உங்க சாமிய நீங்களே வெச்சுக்கங்க. எங்க கட்டைய மட்டும் குடுங்க."

சொல்லிக்கொண்டே குனிந்து தும்பிக்கையைப் பிடித்து இழுத்தார். 'டக்'கென்ற அந்தச் சத்தத்தை நான் மாட்டும்போதுதான் கேட்டிருக்கிறேன். பிய்க்கும்போதும் அதே சத்தம்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளையார் முகமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வசந்தா எழுந்து, அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கி, கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். இரண்டு கையாலும் பிள்ளையாரை வடக்கே நகர்த்தினாள். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாகக் கழற்றி, குங்குமத்தைத் தாவணி முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் போட்டாள். அவசரமே படவில்லை. அத்தனை நேரமும் சரோஜாக்கா பிய்த்த தும்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கடைசியில் அதையும் உதிர்த்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் படி இறங்கும்போது டைலர் வீட்டம்மா நிதானமாகச் சொன்னார்: "மத்ததெல்லாம் வடக்க போயிருச்சுங். தும்பிக்கை மட்டும் உங்க கையிலயே இருந்துருச்சே. பையன் மிதிச்சுறாமப் பாத்துக்கங்க."

அந்தச் சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. பெட்டியில் எத்தனையோ சிவப்புக் கட்டைகள். எது தும்பிக்கை என்று யாருக்குத் தெரியும்? ரவி அதற்குப் பிறகு அந்தக் கட்டைகளைத் தொடவில்லை. பெட்டி சாமிப் பலகையில் ஏறி, அதற்கு ஊதுபத்தியும் காட்ட ஆரம்பித்தார்கள். பாவம் பையன், எங்கள் வாசலில் நின்று தீப்பெட்டிகளை அடுக்கி விளையாடுவான்.

சில மாதம் கழித்து ரவிக்கு விடாமல் காய்ச்சல் வந்தபோது சரோஜாக்கா அம்மாவைத் தேடிவந்தார். தும்பிக்கைக்கு என்ன பரிகாரம் என்று கேட்டார். காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். பிள்ளையாரை வழியனுப்பினால் முழுதாகத்தான் போவார், தும்பிக்கையை மட்டும் விட்டுவிட்டுப் போகமாட்டார், அது வெறும் கட்டைதான் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தும்பிக்கையைப் பிய்த்த அன்று ராத்திரியே எங்களிடம் அதைச் சொல்லித்தான் தூங்கவைத்தாள். ஆனால் சரோஜாக்காவிடம் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "எனக்கென்னங் தெரியும். கும்பிட்டுட்டே இருங்க."

அம்மா செய்தது தப்பு என்று எனக்கு இதுவரைக்கும் தோன்றவில்லை.

இப்போது அந்தத் தகரக்கூரை வரிசை இல்லை, குழாயடி இல்லை. அம்மா போய்விட்டாள். வசந்தா அவினாசியில் பேத்தியோடு இருக்கிறாள். போன கோடை விடுமுறையில் அந்தக் குழந்தைக்கு யாரோ கட்டைப் பெட்டி வாங்கித் தந்திருந்தார்கள். எதை எதோடு மாட்ட வேண்டும் என்று படம் போட்ட புத்தகமே உள்ளே இருக்கிறது. குழந்தை புத்தகத்தைத் தள்ளிவிட்டு, அம்மிச்சி நீயா ஒண்ணு செஞ்சு குடு என்றது. வசந்தா ஒரு கட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு இதெல்லாம் வராது கண்ணு."

நான் வாயைத் திறக்கப் போனேன். ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டேன்.

சரோஜாக்கா காலமாகிவிட்டாராம், வசந்தாதான் சொன்னாள். அவருக்காகவும் வேண்டிக்கொள் என்றாள். சாயங்காலம் விளக்கேற்றும்போது ஊரில் உள்ள அத்தனை பேருக்காகவும் பெயர் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். அந்தப் பெயருக்கு வரும்போது வாய் மூடிக்கொள்கிறது. திறக்க நான் முயற்சி செய்வதும் இல்லை.