சரோஜா தவழ்ந்து வந்த பாதை

செவ்வாய்க்கிழமை காலை ஆயர் ஈத்தாம் டவுனில் காமிராவுக்குப் பேட்டரி வாங்கிக்கொண்டிருந்தபோது சரோஜாவின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா போய்ட்டாங்க. தூக்கத்துலயே." பேட்டரியை மறந்துவிடாதீர்கள் என்று முதல் நாள்தான் சரோஜா மூன்று முறை போன் செய்திருந்தார். காரில் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் மலைக் காப்பகத்தில் விலங்குகளைக் கண்காணிக்கும் எல்லாருக்கும் அவரைத் தெரியும். சிம்பாங் ரெங்கத்துக்காரர். வாயும் அதிகம், கோபமும் அதிகம். மரத்தில் தானியங்கிக் காமிராவைக் கட்டியதும், அது படம் பிடிக்கிறதா என்று பார்க்க நாங்கள் அதன் முன்னால் நடப்போம். அவர் மட்டும், பன்றி மாதிரி உடம்பும் நீள மூக்கும் உள்ள தாப்பிரைப் போல, நாலு காலில் தவழ்வார்.

"தாப்பிர் என்ன நம்மள மாதிரி நிமிர்ந்தா நடக்குது, குமார்? அது உயரத்துக்கு நீங்க குனிங்க லா."

நான் சிரித்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். முட்டி வலி வந்த பிறகும் தவழ்வதை விடவில்லை. பிறகு அந்தப் படங்களை அவரே அழித்துவிடுவார். "காட்டு ரெக்கார்டுல என் மூஞ்சி எதுக்கு?"

இந்த ஆண்டு, மேட்டுப் பாதையை மலையேறிகளுக்குத் திறந்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. தாப்பிர் குட்டியோடு அந்த வழியாகத்தான் ஓடைக்கு இறங்குகிறது என்று கூட்டத்தில் சரோஜா அடித்துச் சொன்னார். படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். "மழைல அழிஞ்ச தடத்த எங்கேருந்து காட்டுறது?" என்றார். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். மறுநாளே இருவரும் ஏறிப் போய்க் காமிரா கட்டினோம். அந்த மாதம் முடியும் வாரத்தில்தான் அவர் போய்விட்டார்.

தகனம் முடிந்த மறுநாள், சக ஊழியர் ஒருவரோடு மேலே ஏறினேன். முதல் படத்தில் சரோஜா, தாடையில் சேற்றோடு, நாலு காலில் காமிராவை முறைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் காட்டுப்பன்றிகள், ஆடும் இலைகள். பதினோராம் நாள், கறுப்பும் வெள்ளையுமாகத் தாய்த் தாப்பிர். அதன் பின்னங்காலை ஒட்டி, உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு போட்ட குட்டி. சரோஜா தவழ்ந்து பார்த்துத் தாழ்த்திக் கட்டிய காமிரா அது; நான் வழக்கமாகக் கட்டும் உயரத்தில் கட்டியிருந்தால் குட்டி படத்தில் விழுந்தே இருக்காது.

பாதையைத் திறக்கவில்லை. இனியும் திறக்க விடமாட்டோம்.

பதிவில் ஊழியர்களின் படம் இருக்கக்கூடாது. அவருடைய அந்த ஒரு படத்தை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன். திட்டுவதென்றால் திட்டட்டும்.

போன வாரம் புதிய காமிராவின் முன்னால் நானும் முட்டி போட்டுத் தவழ்ந்தேன். சக ஊழியர் சிரித்தார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.