வியாழக்கிழமை கெட்டுப்போகும் லேப்டாப்

மாடியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவளுக்கு அந்தத் தெருவில் 'வெட்டொன்னு' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். மெஷின் தானாகக் கெட்டது என்று யாராவது ஆரம்பித்தால், "காபி கொட்டினது நீங்களா, உங்க வீட்டுக்காரரா?" என்பாள். வந்தவர் அசடு வழிவார். இதனால் அவளுக்குச் சிநேகிதர்கள் குறைவு, வாடிக்கை அதிகம்.

சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஒரு வியாழக்கிழமை லேப்டாப்பை அணைத்துப் பிடித்தபடி விந்தி விந்திப் படியேறி வந்தார். அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். கருப்புத் திரையில் நின்ற ஒற்றை வரி, மெஷின் கிளம்புவதற்கு, எல்லாம் சேமித்திருக்கும் டிரைவே இல்லை என்றது.

"உள்ள முந்நூறு செஸ் ஆட்டம் இருக்கும்மா. போச்சுன்னா நானும் போயிடுவேன்" என்றார்.

டிரைவைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் பார்த்தாள். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. திரும்ப மாட்டிவிட்டு செட்டிங்ஸுக்குள் நுழைந்தால், எதிலிருந்து கிளம்புவது என்ற பட்டியலில் டிரைவ் அணைந்து கிடந்தது. போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் மெஷினுக்கு இந்த மாதிரி மறதி வருவதுண்டு. புதுப் பேட்டரி போட்டு அனுப்பினாள்.

அடுத்த வியாழன் அதே மனிதர், அதே வரி. புதுப் பேட்டரி ஒரே வாரத்தில் தீராது. யாரோ உள்ளே போய் வேலை காட்டியிருக்கிறார்கள்.

"வீட்ல வேற யாரு சார் இதத் தொடுவாங்க?"

"என் வீட்டம்மாதான். அவளுக்கு இத மூடத்தான் தெரியும்."

அவர் போனதும் வெட்டொன்னு அந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா மழுப்பவே இல்லை.

"நான்தான் பண்ணேன். நடந்து வந்தாரா, வண்டியிலயா?"

"நடந்துதாம்மா."

"அப்பாடா. நடக்காமலே இருந்தா முட்டி மடங்காமலே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரானா, எவன் சொன்னாலும் நடக்க மாட்டேன்னு செஸ்ஸே கதியா உக்காந்திருக்காரு. அதான் அக்கா பையன்கிட்ட இத அணைக்கற வழியக் கேட்டு எழுதி வச்சுக்கிட்டேன். காட்டிக் குடுத்துடாதம்மா."

மூன்றாவது வியாழன், வெட்டொன்னு தன் தொழிலில் முதல் பொய்யைச் சொன்னாள். "பழைய மெஷின் சார். வாரத்துக்கு ஒரு தடவை மக்கர் பண்ணத்தான் செய்யும்." சொல்லும்போது காது சூடேறியது. ஆனால் உள்ளுக்குள் ஒரே குஷி. அடுத்த வாரத்திலிருந்து, "நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க சார்" என்று தன் பங்குக்கு ஒரு நடையும் சேர்த்துவிட்டாள்.

ஆறாவது வாரம் அம்மா போனில் அழாத குறை. "பொண்ணுக்குப் பிரசவம். பத்து நாள் அங்க இருக்கணும். நான் இல்லன்னா இவரு எழுந்திரிக்கவே மாட்டாரு. பட்ட பாடெல்லாம் வீணாயிடும்."

வியாழக்கிழமை படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சர்வேயர் லேப்டாப்பை மேஜையில் வைத்தார். திறந்தாள். டிரைவ் அணைந்து கிடந்தது.

"அம்மா ஊர்ல இல்லையே சார்" என்றாள்.

அவர் சுவரிலிருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தார். "சர்க்கரை டப்பாக்கு அடியில ஒரு சீட்டு எழுதி வச்சிருந்தா. அதப் பாத்து நானே பண்ணேன்."

"சும்மா நடந்து வந்திருக்கலாமே சார்."

"செத்தாலும் நடக்க மாட்டேன்னு வீறாப்பா சொல்லிட்டேனே. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சும்மா நடக்கறது? அவ கேட்டா, மெஷின் கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லும்மா."

சாயங்காலம் அம்மாவின் போன் வந்தது. அவர் கேட்டுக்கொண்டபடியே வெட்டொன்னு சொன்னாள். "மெஷின் கெட்டுப்போச்சும்மா. சார் நடந்து வந்தாரு."

மறுமுனையில் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"கெடுக்கற நான் இங்கதானே இருக்கேன்" என்றார் அம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "படியில கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு ஏறினாரா?"

"பிடிக்கலம்மா."

"சரி, அப்ப இன்னும் பத்து நாள் இருந்துட்டு வரேன். எனக்குப் புரிஞ்சுபோச்சுன்னு அவருகிட்ட சொல்லிடாத."