கியர் விழாத காலை

எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் என் பிக்கப் வண்டி மட்டும் நகரவில்லை. கிளட்சை அடிவரை மிதித்தும் முதல் கியர் விழாமல் கரகரவென்று அரைக்கிறது. ராயபுரத்தில் குடிபோகும் புது வீட்டு வாசலில் தங்கை காத்துக்கொண்டிருக்கிறாள். நல்ல நேரத்துக்குள் பால் காய்ச்ச வேண்டும். அடுப்பும் பாத்திரமும் என் வண்டியில்.

பின்னால் நிற்கும் டிரெய்லரின் டிரைவர் இறங்கி வருகிறார். திட்டு வாங்கத் தயாராகிறேன்.

“இன்னா நைனா, கியர் வுழலியா?”

“கிளட்ச் விடமாட்டேங்குதுண்ணே.”

“வண்டிய ஆஃப் பண்ணு. ஃபர்ஸ்ட்ட போட்டுக்கோ, கிளட்ச்ச அமுக்கிகினே ஸ்டார்ட் பண்ணு. வேற கியர தொடாத, அப்டியே உருட்டிகினு போ.”

“அவ்ளோ மெதுவாப் போனா நடுவுல எல்லாம் பூந்துடுவாங்களே? உங்க இடமும் போயிடும்.”

“எவன் பூருவான்? நான் மறிச்சுகினு வரேன், நீ போ.”

பின்னால் நடந்துபோய், அடுத்தடுத்த லாரிகளின் கதவைத் தட்டி ஏதோ சொல்லிவிட்டு வருகிறார்.

எஞ்சினை அணைத்ததும் கியர் சத்தமில்லாமல் விழுகிறது. சாவியைத் திருப்பினால் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுக் கிளம்புகிறது. திருவொற்றியூரில் சைக்கிள்காரர்கள்கூட என்னை முந்துகிறார்கள். அவர் டிரெய்லரைச் சற்றே குறுக்காக வைத்து, என் பின்னாலேயே ஊர்ந்து வருகிறார்.

ராயபுரத்தில் திரும்பும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். அவருக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை லாரிகள். வந்த வழி முழுக்க ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.