எந்த நாட்டு ஊசி, சிஸ்டர்?

ஊசி போடுவது ஒரு நொடி வேலை. அதற்கு முன்னால் அந்த ஊசியைப் பற்றிப் பேசித் தீர்ப்பதுதான் எங்கள் உத்தியோகம். என்னைப் போலவே ஆந்திராவில் கிராம சச்சிவாலயத்தில், அதாவது ஊர் அரசு அலுவலகத்தில், நர்ஸாக இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொரோனா வந்த பிறகு அந்தப் பேச்சில் உலக நாடுகளும் சேர்ந்துகொண்டன.

முனுசாமிக்கு வந்த போன்

கார்வேட்டிநகரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். மாந்தோப்பு வைத்திருக்கும் முனுசாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவர் மருமகன் போன் செய்தார். ஐரோப்பாவில் சில நாடுகள் இதே ஊசியை நிறுத்தி வைத்திருக்கின்றனவாம், ரத்தம் உறைகிறதாம். ஸ்பீக்கரில் பேசியதால் வரிசை முழுக்கக் கேட்டது.

எல்லார் கண்ணும் என் மேல். அது மிக அரிதாக நடப்பது, நோய் வந்தால்தான் ஆபத்து அதிகம் என்று தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். முனுசாமி எழுந்துவிட்டார், பின்னாலேயே வரிசை கலைந்தது. மருந்துக் குப்பியை வேறு திறந்தாகிவிட்டது. சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்காவிட்டால் கொட்ட வேண்டியதுதான். வாசலில் அவரை மறித்து இன்னொரு தரம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"படிச்ச தேசத்துக்காரனே நிறுத்திட்டான், நீங்க இன்னாத்துக்கு சிஸ்டர் போட்டுக்கினு இருக்கீங்க?"

செல்வியின் விசா

நாராயணவனத்துச் செல்வி குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். லீவில் வந்து மாட்டிக்கொண்டாள். நம் நாட்டு ஊசியை இரண்டு தடவையும் என்னிடம்தான் போட்டுக்கொண்டாள். அந்த ஊசியைக் குவைத் அப்போது ஏற்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. விசா முடியப் போகிறது, வேறு பேரில் பதிந்தாவது மற்ற ஊசியைப் போட்டுவிடுங்கள் என்று கேட்டாள். டாக்டர் முடியாது என்றார். செல்வி நாற்காலியை விட்டு எழவில்லை. மடித்த ரவிக்கைக் கை மடித்தபடியே இருந்தது. நான்தான் இறக்கிவிட்டேன்.

குவைத் அந்த ஊசியை ஏற்றுக்கொண்டபோது அவள் வேலை செய்த வீட்டில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள். செல்வி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"என் ஒடம்புக்கு ஒத்துக்கிச்சு சிஸ்டர், குவைத்துக்குத்தான் ஒத்துக்கல."

சாமுவேலின் மகள்

போன வருஷம் சித்தூரில் ஒரு சர்ச்சில், பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி. ஆட்டோ ஓட்டும் சாமுவேல் மகளைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அமெரிக்காவில் அதிகாரத்தில் இருப்பவர்களே தடுப்பூசியைச் சந்தேகிக்கிறார்கள் என்று போனைக் காட்டினார். ஒன்றும் ஆகாது என்று எழுதித் தருவீர்களா என்றார்.

மாட்டேன் என்றேன். கை வலிக்கும், காய்ச்சல் வரலாம், பெரிதாக எதுவும் ஆவது அபூர்வம், அரை மணி நேரம் பக்கத்திலேயே இருப்பேன் என்றேன். சாமுவேலின் அக்கா அந்த நோயில்தான் போனாள் என்று அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு சாமுவேல் மகளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அமெரிக்காவ எனக்குத் தெரியாது சிஸ்டர். உங்க வீடு எங்கன்னு தெரியும்."

பெரிய நாடுகள் ஊசியைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகலாம். அவர்கள் யாரும் மறுநாள் சித்தூர் பஸ்ஸில் இந்த ஜனங்களுக்கு நடுவே நின்றுகொண்டு வர வேண்டியதில்லை.