கண்ணாடிக் கிண்ணத்துக்கு விபூதி

1985இல், கனடாவில், வெள்ளிக்கிழமைகளில் ஓர் ஆங்கிலேயக் கிழவியின் வீட்டைத் துப்புரவாக்கப் போவேன். வெக்ஸ்போர்ட்டில் அண்ணை வீட்டிலிருந்து இரண்டு பஸ். அவளுடைய யன்னலடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில், லண்டனில், அவளுடைய புருஷன் வைர முனையால் படம் கீறிய கிண்ணம். அதில் ஒரு பெண் கூந்தலை முடிந்துகொண்டு நிற்பாள். இருபத்திரண்டு வயதில் தான்தான் அது என்று கிழவி சொன்னாள். கீறல்கள் மயிரிழை அளவு மெல்லியவை. கண்ணில் புரை விழுந்த பிறகு அவளுக்கு வெறும் கண்ணாடிதான் தெரிந்தது. "இன்றைக்கும் இருக்கிறேனா?" என்று என்னிடம் கேட்பாள். இருக்கிறீர்கள் என்பேன். வேறென்ன சொல்ல.

எனக்கு என் கவலை. நானும் அவரும் கலியாணம் கட்டிப் பதினொரு நாள்தான் சேர்ந்திருந்தோம். கலியாண அல்பம் 83 கலவரத்தில் கொழும்பு வீட்டோடு எரிந்தது. அதோடு அண்ணை என்னை மட்டும் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். என் புருஷன் அங்கேயே விசாவுக்காகக் காத்துக் கிடந்தார். "உம்மடை முகம் மறந்து போகுது, ஒரு படம் அனுப்பும்" என்று எழுதினார். பனிக்குள் நின்று எடுத்த படமொன்றை அனுப்பினேன். "கோட்டும் தொப்பியும் வந்து சேர்ந்தது, உம்மைக் காணேல்லை" என்று பதில் வந்தது. எல்லோருக்கும் காட்டிச் சிரித்தேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளி, கிழவி மேல்மாடியில் படுத்திருந்தாள். கைப்பையில் கிடந்த கோவில் விபூதியைப் பிரித்து, கேட்காமல் கொள்ளாமல், கிண்ணத்தின் கீறல்களில் தேய்த்துவிட்டேன். என்ன துணிவோ. மேலே படிந்ததைத் துடைத்ததும் அந்தப் பெண் வெள்ளை வெளேரென்று தெரிந்தாள். இறங்கி வந்த கிழவி கிண்ணத்தைத் தடவி, சாம்பலா பூசினாய் என்று கத்தினாள். நான் என் கறுப்புக் கோட்டைக் கிண்ணத்துக்குப் பின்னால் பிடித்தேன்.

கிட்ட வந்து வெகு நேரம் பார்த்தாள்.

"மூக்கை நீட்டிக் கீறிவிட்டான்" என்றாள். கண்ணீர் வழிந்தபடி இருந்தது.

எவ்வளவு காலம் உங்களைப் பார்த்துக் கீறினார் என்று கேட்டேன்.

"ஆறு வாரம். என்னைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கிழவி மேல் எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் பதினொரு நாளில் பாதி, சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் போயிற்று. மீதியில் நான் குனிந்த தலை நிமிரவில்லை. அவரையும் நான் ஆசை தீரப் பார்த்ததில்லை. அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அவர் வந்து சேர மேலும் மூன்று வருடம் சென்றது. விமான நிலையத்தில் சேலை கட்டி, தலை பின்னி, முன்வரிசையில் நின்றேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். என்னை ஒருமுறை நேராகப் பார்த்தார். பிறகு, எனக்குப் பின்னால் நின்றவர்களுக்குள் என்னைத் தேடத் தொடங்கினார்.