அரிசியை முகர்ந்து வாங்கியவர்

எங்கள் தீவில், ஜங்லிகாட்டில் நான் அரிசிக்கடை வைத்திருந்தபோது மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். சாப்பாட்டில் கலக்கும் பூச்சிமருந்து குடலையும் அதில் வாழும் நல்ல கிருமிகளையும் என்ன செய்கிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. ஒடிசலான மனிதர். முகர்ந்து பார்க்காமல் அரிசி வாங்க மாட்டார்.

ஒருநாள், மூட்டைமேல் உட்கார்ந்து அரிசி மென்றுகொண்டிருந்த என் மகளின் வாயில் விரலைவிட்டுத் தோண்டினார். பிள்ளை வீறிட்டாள்.

“அரே சாப், என்ன பண்றீங்க?”

“வண்டுக்குப் பொடி போட்டிருக்கீங்க, பாய். எங்க வீட்டுல தூவினது நான்தான். அப்போ ஒண்ணும் தெரியாது. என் மகளும் இப்படித்தான் மெல்லுவா.”

“இப்ப எப்படி இருக்கா?”

இல்லை என்று தலையசைத்தார். பிறகு என் மகளின் கைகளைக் கழுவிவிட்டார். கை சுத்தமாகி வெகுநேரமாகியும் அவர் விடவில்லை.